மெத்தை போடாத பலகை

சரவணம்பட்டியில் வேலுமணிக்கு வீடு கிடைத்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால், பின்னால் அவன் பிடித்த பிடிவாதம் வெறும் வீம்பாகத் தெரியும்.

அவனுக்கு ஊர் அன்னூருக்குக் கிழக்கே. அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் தோட்டத்தில் மஞ்சள் வெட்டி, வாழைக்கு மண் அணைத்து அவனைப் படிக்கவைத்தார்கள். அந்தத் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த போட்டோவை ஆத்தாள் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை சூடம் காட்டும்போது அந்தப் போட்டோவுக்கும் ஒரு சுற்று உண்டு.

மனைவி செவ்வந்தியும் அப்படியொரு வீட்டில் பிறந்து பி.காம். முடித்தவள்தான். ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. கம்பெனிக்குப் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று கைக்குழந்தையோடு இருவரும் தெருத் தெருவாக அலைந்தார்கள். வீடு கேட்கிற இடத்தில் யாரும் சாதியைக் கேட்டுவிட மாட்டார்கள். அந்த மட்டுக்கு மரியாதை உண்டு. "ஊருக்குள்ள ஊடு எந்தப் பக்கமுங்க தம்பி?" என்று மட்டும் கேட்பார்கள்.

மழுப்பலாகப் பதில் சொல்ல வேலுமணிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொல்ல மாட்டான்.

"தெக்கால கடைசித் தெருங்க. நீங்க நெனைக்கிற அதே தெருதானுங்க."

அவ்வளவுதான். வீட்டுக்காரருடைய அக்கா மகன் வெளியூரிலிருந்து அடுத்த வாரமே குடிவரப் போவது அவருக்குத் திடீரென்று ஞாபகம் வரும். அந்த வருஷம் எத்தனையோ அக்கா மகன்கள் சரவணம்பட்டிக்குக் குடிவரக் காத்திருந்தார்கள்.

நரசிம்மலுவும் அதே கேள்வியைக் கேட்டார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் தமிழ். கனத்த உடம்பு, மெல்லிய குரல். வேலுமணி அதே பதிலைச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் காம்பவுண்டுச் சுவரில் போகிற எறும்பு வரிசையைப் பார்த்தார். அப்புறம், "மாடி ரொம்ப நாளாப் பூட்டிக் கெடக்குதுங்க. சத்தம் போடாம இருந்தீங்கன்னா சரி" என்று சாவியை எடுத்து நீட்டினார்.

சத்தத்துக்கு அந்த வீட்டில் வழியே இல்லை. அவர்கள் மகள் இனியா அழுவதுகூட, பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

பிறக்கும்போது மூச்சுத் திணறிப் பிறந்த பிள்ளை. வலிப்பு மாத்திரையோடு வளர்ந்தாள். கழுத்து நிற்கவில்லை. வெளிச்சமும் நிழலும் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன. காதும் பெரும்பாலும் கேட்கவில்லை. கை ஒரு பக்கம் இறுகும், கால் ஒரு பக்கம் தளரும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்துக்குங்க" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் அவர் எல்லாக் கதவையும் சாத்திவிட்டது இருவருக்கும் புரிந்தது.

யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். செவ்வந்தியின் வேலை நிலையானது. வேலுமணி கூரியர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்தான். ஊரில் இந்தச் சேதி பரவ நேரமாகவில்லை. அவன் அக்கா மாசாணியம்மாள் பஸ் ஏறி வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"ஏன்டா வேலு, பட்டம் வாங்குனது டயபர் மாத்தறதுக்கா?"

"ஆமாக்கா. பட்டம் வாங்குனவன் மாத்துனா ஒழுகறதில்லை."

"வாயி மட்டும் கொறையாது."

திட்டிக்கொண்டே பிள்ளையை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் இனியாவைத் தரை பார்த்ததே கிடையாது. அப்பன் மடி, ஆத்தாள் தோள், அத்தை இடுப்பு. எல்லாரும் கைமாற்றிக் கைமாற்றி வைத்திருந்தார்கள். படுக்கவைத்தால், ஊர் மரத்து இலவம்பஞ்சில் மாசாணியம்மாள் தைத்துக்கொடுத்த மெத்தை. அதில் பிள்ளை பாதி புதைந்து கிடக்கும்.

இப்படியிருக்கும்போதுதான் சாமுவேல் வந்தான். இந்த மாதிரிக் குழந்தைகளுக்கென்றே இருக்கும் ஒரு மையத்திலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் பயிற்சியாளன். வேலுமணி வயதுதான் இருக்கும். வந்தவன் பிள்ளையைத் தொடவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டான்.

"இவங்க தானா என்னென்ன செய்வாங்க?"

வேலுமணி பெருமையோடு அடுக்கினான். காலையில் இளவெயில் காட்டுவது, கை காலை நீவி மடக்கி நீட்டுவது, கிலுகிலுப்பையைக் கைக்குள் வைத்து ஆட்டுவது.

"அதெல்லாம் நீங்க செய்யறதுங்க. நான் கேட்டது இவங்க செய்யறது."

வேலுமணி பிள்ளையைத் திரும்பிப் பார்த்தான்.

"தான் ஒண்ணு செஞ்சா பதிலுக்கு ஒண்ணு நடக்கும்ங்கறதே இவளுக்குத் தெரியாதுங்க" என்றான் சாமுவேல். "எப்படித் தெரியும்? இவ விரலைத் தூக்கலாமான்னு ரோசனை பண்றதுக்குள்ள நீங்க கையவே தூக்கிப்போடறீங்க."

அவன் சொல்லித்தான் அந்தப் பலகை வந்தது. மெல்லிய பிளைவுட். பிள்ளை தாராளமாகப் படுக்கிற அகலம். அடியில் நான்கு ஓரத்திலும் மரச்சட்டம் அடித்து, தரையில் படாமல் ஒரு விரல்கடை உயர்த்தியிருக்கும். நடுவில் காலியாக இருப்பதால், மேலே நகம் பட்டால்கூடப் பலகை முழுக்க அதிரும். காதுக்கு எட்டாதது முதுகுக்கு எட்டும். பிள்ளையை அதில் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் கை வைக்கக் கூடாது. அவளாக அசைகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும்.

மாசாணியம்மாளுக்குப் பலகையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "வெறும் பலகையில கெடத்தறதுக்கு எழவா உழுந்துபோச்சு? உசுரோட இருக்கற புள்ளைடா!" வேலுமணிக்கும் அது என்னவோ போலத்தான் இருந்தது. முதுகு வலிக்குமே என்று மெத்தையைக் கொண்டுவந்து பலகைமேல் விரித்து அதில் பிள்ளையைப் போட்டான். அடுத்த வாரம் சாமுவேல் வந்து பார்த்தான்.

"மெத்தைக்கு நல்லாப் பயிற்சி குடுத்திருக்கீங்க" என்றான்.

மெத்தை போனது. அதற்கப்புறம்தான் வேலுமணிக்கு உண்மையான வேலை ஆரம்பமானது. சும்மா இருப்பது. பிள்ளை இறுகிக்கொண்டு கிடக்கும். அவன் கை தானாக நீளும். கடைசியில் இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். விரல் மரத்துப்போகும். பலகையில் ஒன்றும் நடக்காது. பக்கத்து ஸ்கூலில் மணி அடிக்கும், காய்கறி வண்டி போகும், இறக்கிவைத்த குக்கர் ஆறிப்போகும். ஒன்றும் நடக்காது. சில நாள் அவனுக்கே சிரிப்பு வந்தது. பி.ஏ. படித்த ஆண்பிள்ளை பட்டப்பகலில் கையை மடக்கிப்போட்டுக்கொண்டு ஒரு பலகையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, 'டொக்' என்றது.

இனியாவின் இடது குதிகால். சும்மா ஒரு வெட்டு வெட்டியதில் பட்டுவிட்டது. ஆனால் அந்த அதிர்வு முதுகு வழியாக ஏறியதும் பிள்ளை அப்படியே உறைந்துபோனாள். கண் விரிந்தது. மூச்சுகூட நின்ற மாதிரி இருந்தது. வேலுமணி தன் கைமேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தான். ரொம்ப நேரம் கழித்து, மறுபடியும், 'டொக்'.

இந்த முறை அது தற்செயல் இல்லை. அவள் உதட்டோரம் ஒரு இழுப்பு இழுத்தது. செவ்வந்தியிடம் போனில் சொல்லும்போது அவன் அதைச் சிரிப்பு என்றே சொன்னான்.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் பிறந்தது. குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்தான். இனியா அதைக் கண்டுபிடித்தாள். பலகையில் ஒரு குரல், தட்டில் ஒரு குரல். காலையில் தட்டினாள், சாப்பிட்டதும் தட்டினாள், மத்தியான வெயிலில் ஊரே அடங்கிக் கிடக்கும்போதும் தட்டினாள்.

கீழே பங்காரம்மா புரண்டு படுத்தாள்.

பங்காரம்மா நரசிம்மலுவின் மனைவி. மெலிந்த உடம்பு, எஃகு மாதிரிக் குரல். அந்தத் தெருவில் கடைசி வார்த்தை அவளுடையதாகத்தான் இருக்கும். கத்தரிக்காய்க்காரர் அவளிடம் சண்டை போட்டால் கடைசியில், "நீங்க சொல்றதே சரிங்கம்மா" என்று சொல்லாமல் வண்டியை நகர்த்த முடியாது. ஆனால் வாடகைக்காரர்களிடம் பேசுவதற்கென்று அவள் கணவரைத்தான் அனுப்புவாள்.

நரசிம்மலு மேலே வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"தம்பி, மேல மர வேலை ஏதாச்சும் நடக்குதுங்களா?"

"இல்லீங்க. என்ற பொண்ணு வெளையாடறா."

"அந்தக் கொழந்தையா?"

"அதே கொழந்ததானுங்க."

அவர் எட்டிப் பார்த்தார். இனியா பலகையில் கிடந்தாள். "சரி, நல்லதுதான். ஆனா நம்ம ஊட்டுல மத்தியானம் சித்த படுத்தாத்தான் பொழுதோட தலைவலி வராம இருக்கும். பலகை மேல ஒரு மெத்தையப் போட்டுப்போடுங்க. தீந்துபோச்சு."

"சத்தம் வரோணும்னுதானுங்க பலகையே போட்டிருக்குது."

"சத்தம் போடாம இருக்கோணும்னு சொல்லித்தானுங்க நானும் சாவி குடுத்தேன்."

"ஆமாங்க. அன்னைக்கு அவளுக்குச் சத்தம் போடத் தெரியாது. இப்பத் தெரிஞ்சுபோச்சு."

நரசிம்மலு குரலை உயர்த்தவே இல்லை. காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற அதே தொனியில், "அப்ப ஆடி பொறக்கறதுக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க தம்பி" என்றார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அப்போது ஆனி பாதி ஓடியிருந்தது.

பொழுது சாய்ந்ததும் செவ்வந்தி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கைப்பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"எத்தனை ஊட்டுப் படி ஏறி எறங்குனோம், மறந்துபோச்சுங்களா?"

"மறக்கலை."

"மத்தியானம் மட்டும் மெத்தையப் போடுங்க. மத்த நேரம் அடிக்கட்டும். ஊடே இல்லாமப் பலகைய எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க, பஸ் ஸ்டாண்டுலயா?"

அவள் சொன்னதிலும் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் வேலுமணிக்கு அது வலித்தது. மறுநாள் மத்தியானம் மெத்தையை எடுத்துப் பலகைமேல் விரித்தான்.

இனியா காலை வெட்டினாள். பஞ்சு அதை விழுங்கிக்கொண்டது. அவள் காத்திருந்தாள். மறுபடியும் வெட்டினாள், இன்னும் பலமாக. முதுகுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. இன்னொரு முறை. அப்புறம் நிறுத்திவிட்டாள். முகத்தில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. மெதுவாக ஒரு விளக்கைத் திரி இறக்கின மாதிரி அந்த முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோனது. ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் கண்ட பிள்ளை அதுதான்.

வேலுமணி அவளைத் தூக்கிக்கொண்டு, மெத்தையை ஒரே இழுப்பாக இழுத்துப் பால்கனியில் விட்டெறிந்தான். பிள்ளையை வெறும் பலகையில் படுக்கவைத்தான்.

"தட்டு சாமி" என்றான். "இந்த ஊடு போனா இன்னொரு ஊடு. நீ தட்டு."

சாயங்காலம் செவ்வந்தியிடம் ஒளிக்காமல் சொன்னான். "மெத்தை இனி அவளுக்கு வேண்டாம். நீ திட்டறதுனா என்னைத் திட்டிக்க." அவள் அன்றைக்குத் தட்டை 'ணங்' என்று வைத்துச் சாப்பாடு போட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் இனியா தட்ட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், கீழேயிருந்து, 'டொம்' என்றது. பங்காரம்மா நீண்ட அலுமினிய ஒட்டடைக் கம்பை எடுத்துக் கூரையை இடித்துவிட்டாள். சரியாகப் பலகைக்கு அடியில். இனியா சட்டென்று அடங்கினாள்.

வேலுமணிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. எழுந்து கீழே போகப் பார்த்தான். அப்போதுதான் பிள்ளையின் முகம் கண்ணில் பட்டது. அவள் பயந்திருக்கவில்லை. வந்தது எங்கேயிருந்து என்று முதுகால் தேடிக்கொண்டிருந்தாள். அப்புறம் குதிகாலைத் தூக்கி ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கீழேயிருந்து கோபமாக, 'டொம்.'

மேலேயிருந்து, 'டொக்.'

'டொம், டொம்.'

இனியாவின் வாய் திறந்து, உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இதுவரைக்கும் அவன் கேட்டே இராத சத்தம். வேலுமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எத்தனையோ நாள் அவன் பாடியிருக்கிறான், கை தட்டியிருக்கிறான், முகத்தோடு முகம் வைத்துக் கெஞ்சியிருக்கிறான். பிள்ளை அவனுக்குப் பதில் சொன்னதில்லை. இப்போது தன்னை வீட்டைவிட்டு விரட்டப் பார்க்கிற ஒருத்தியோடு அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

சாமுவேலிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவில்லை. "நீங்க சத்தம் குடுத்துட்டு அவ செய்யறாளான்னு பாப்பீங்க. அது பரீட்சை. கீழ இருக்கறவங்க நெசமாவே பதில் சொல்றாங்க. புள்ளைக்கு வித்தியாசம் தெரியாதுங்களா?"

அதற்கப்புறம் தினமும் மத்தியானம் இது நடந்தது. திடீரென்று ஒரு நாள் கீழே சத்தமில்லை. இனியா தட்டினாள், காத்திருந்தாள், தட்டினாள், காத்திருந்தாள். கடைசியில் முகம் சுருங்கி, குரலெடுத்து அழுதாள். குனிந்து பார்க்க வேண்டிய அழுகை இல்லை, நின்ற இடத்திலிருந்தே கேட்கிற அழுகை. மறுநாளும் அப்படியே. பங்காரம்மா கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்த அன்றைக்கே வேலுமணி கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டினான்.

"ஏனுங்கம்மா, ஆளையே காணோமுங்களே?"

"கல்யாணத்துக்குப் போயிருந்தேன். எதுக்கு? நான் இல்லைன்னு குஷியா இருந்திருப்பீங்களே."

"இல்லீங்க. நீங்க இடிக்கலைன்னு பாப்பா அழுதுபோட்டா."

பங்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எகத்தாளமா தம்பி?"

"நெசமாத்தானுங்க. அவ தட்டிப்போட்டு நிறுத்துவா. நீங்க இடிச்சா மறுபடியும் தட்டுவா. பொறந்ததுல இருந்து அவ யாரையும் எதிர்பாத்ததில்லீங்க. உங்களைத்தான் எதிர்பாக்கறா."

"நான் கோவத்துல இடிக்கறேன் சாமி! கொஞ்சறதுக்கா இடிக்கறேன்?"

"கோவத்துலயே இடிங்க. இதுவரைக்கும் அவமேல யாரும் கோவிச்சுக்கிட்டதே இல்லீங்க. வர்றவங்க எல்லாம் பாவம்னு சொல்லிப்போட்டுப் போயிர்றாங்க."

இதென்ன கூத்து என்று பார்க்கிறதுக்காகவே பங்காரம்மா முதன்முறையாக மாடிப்படி ஏறினாள். பலகையில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்ததும் அவள் குரல் அடியோடு மாறிப்போனது.

"அட பாவமே! இப்படியா வெறும் கட்டையில..." என்று குனிந்து தூக்கக் கையை நீட்டினாள்.

வேலுமணி தன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"தூக்காதீங்கம்மா."

பங்காரம்மா நிமிர்ந்தாள். "ஏன்? நான் தொடக் கூடாதா?"

அந்தக் கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வேலுமணியின் காதில் விழுந்தது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. அவன் அப்பன் தோட்டக்காரர் வீட்டு வாசலில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமலே ஆயுசைக் கழித்தவர். வேலுமணி நிதானமாகச் சொன்னான்.

"தாராளமாத் தொடலாமுங்க. அவ வேணும்னு காட்டுனாத் தொடலாம். கேக்காமத் தூக்கக் கூடாது. பாவம்னு தூக்கவே கூடாது."

"நல்ல நாயம்! கோவத்துல இடிச்சா வேணுமாம், ஆசையாத் தூக்குனா வேண்டாமாம்."

"ஆமாங்க. அதேதான்."

"உங்க வாய்க்கே நீங்க ஆடிக்குள்ள காலி பண்ணோணும்" என்று சொல்லிவிட்டுப் பங்காரம்மா தடதடவென்று இறங்கிப் போனாள். கீழே கதவு அடித்துச் சாத்தப்பட்டது. அடுத்த நிமிஷம், கூரை பெயர்ந்துவிடுமோ என்கிற மாதிரி ஒரு இடி. இனியா உடனே பதில் கொடுத்தாள். அவள் இடித்தாள். இவள் தட்டினாள். அவள் விட்டாள். இவள் கடைசியாக ஒரு தட்டுத் தட்டி முடித்தாள்.

அங்கேதான் பங்காரம்மா மாட்டிக்கொண்டாள். தெருவில் யாருக்கும் கடைசி வார்த்தையை விட்டுக்கொடுக்காதவளுக்கு, மேல் வீட்டிலிருந்து ஒரு பொடிசு தினமும் கடைசித் தட்டைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறது. படுத்தவள் எழுந்து கம்பை எடுப்பாள். இடித்துவிட்டுப் படுப்பாள். தலையணையில் தலை படுமுன் மேலே, 'டொக்.' ஜன்னல் வழியாக அவள் கத்துவது மாடிக்குக் கேட்கும். "இவ என்ன புள்ளையோ, உடமாட்டேங்கறாளே!" வேலுமணி பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரிப்பான். கையைத் தொடைக்கு அடியில் கொடுக்கவேண்டிய அவசியமே இப்போதெல்லாம் வருவதில்லை. இந்தச் சண்டையில் அவனுக்கு இடமே இல்லை.

ஆனால் சண்டை சண்டையாக நடக்க, நாளும் போய்க்கொண்டிருந்தது. செவ்வந்தி வேலை முடிந்து வந்ததும் வேலுமணி துடியலூர்ப் பக்கமும் கீரணத்தம் பக்கமும் வீடு பார்த்தான். மறுபடியும் எந்தப் பக்கம் என்ற கேள்வி, மறுபடியும் அக்கா மகன்கள். செவ்வந்தி இரவு போனில் வீட்டு விளம்பரங்களைத் தள்ளிக்கொண்டே இருப்பாள்.

சனிக்கிழமை செவ்வந்திக்கு லீவு. மத்தியானம் அவள் முதன்முறையாக அதை முழுசாகப் பார்த்தாள். இனியா தட்டிவிட்டு நிறுத்தியதை, கழுத்து நிற்காத அந்தத் தலையைப் பலகையில் அழுத்திக் காத்திருந்ததை, கீழேயிருந்து பதில் வந்ததும் உடம்பு முழுக்கச் சிலிர்த்ததை. அவள் போனை எடுத்தாள். வீட்டு விளம்பரங்களை மூடினாள்.

"நாம போக வேண்டாமுங்க" என்றாள்.

"அவுங்க சொல்லிப்போட்டாங்களே."

"சொல்லட்டும். என்ற புள்ளைக்குச் சண்டை போட ஒரு ஆள் கெடைச்சிருக்குது. அதை உட்டுப்போட்டு எங்க போறது?"

அவள் பேசி முடிப்பதற்குள் வாசலில் நரசிம்மலு. ஆடி பிறக்கக் கையில் எண்ணிவிடுகிற நாள்தான் பாக்கி. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சங்கடத்தில் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே பேசினார்.

"தம்பி, நானும் கெட்டவன் இல்லை. உங்களுக்கே தெரியும். ஆனா ஒரு தடவை சொல்லிப்போட்டா..."

"பலகைய எடுக்க மாட்டோமுங்க" என்றான் வேலுமணி. "நாங்களும் போகமாட்டோம். வாடகை தர்றோம், சுத்தமா வெச்சிருக்கோம். புள்ளை பகல்ல வெளையாடறா. எந்த ஊட்டுல புள்ளை வெளையாடலை? ஓடுற புள்ளைனா சத்தத்தைப் பொறுத்துக்குவீங்க. படுத்திருக்கற புள்ளைனா சத்தமே போடக் கூடாதா?"

"அதுக்கில்லீங்க..."

"அதுக்குத்தானுங்க. போயே ஆகோணும்னா காரணத்தைச் சொல்லிப்போடுங்க. ஊனமான கொழந்தை தட்டுறா, அதனால அனுப்பறோம்னு தெருவுல நாலு பேருக்கு முன்னால சொல்லுங்க. நாங்க சாமானைக் கட்டறோம். அப்பறம் எங்க போயி நாயம் கேக்கோணுமோ அங்க போயிக் கேட்டுக்கறோம். படிச்சிருக்கறது அதுக்குத்தானுங்க."

நரசிம்மலு நின்றார். பிறகு மறுபடியும் நடக்க ஆரம்பித்தார். அவர் உடம்புக்குத் தரை அதிர்ந்தது. நடுவில் இனியா 'டொக்' என்று ஒன்று வைத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னொன்று வைத்தாள். கீழேயிருந்து பதில் வரவில்லை. அதற்குப் பதிலாகப் படிக்கட்டு அடியிலிருந்து பங்காரம்மாவின் குரல் வந்தது. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஏமண்டி! மேல என்னத்துக்குத் திம்மு திம்முன்னு நடக்கறீங்க? அந்தப் புள்ளை தட்டறது எனக்கு ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது!"

நரசிம்மலு ஒரு காலை முன்னால் எடுத்துவைத்த நிலையிலேயே நின்றார்.

"கேட்டுச்சா? அசையாம நில்லுங்க! இப்ப அவ முறை!"

அவர் நின்றார். இனியா தட்டினாள். கீழே கதவு திறந்து மூடியது, ஓட்டமாக ஓடுகிற காலடி, கம்பின் இடி. இனியா சிரித்தாள். அதை இழுப்பு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

நரசிம்மலு தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி... ஆடி கழியட்டும் தம்பி. ஆவணியில பேசிக்கலாம்."

"ஆவணியிலயும் தட்டுவாளுங்க" என்றாள் செவ்வந்தி. "அப்ப இன்னும் சத்தமாத் தட்டுவா."

அவர் கீழே காத்திருக்கிற ஆளை நினைத்தோ என்னவோ, அந்தப் பெரிய உடம்பை விரல் நுனியில் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்து, வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனார்.